இருபத்துநாலு சென்டிமீட்டர்

"நான் அவனைக் கொன்னேனா, இல்லியா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும் மக்களே."

ரேஷன் கடையில் சீனி வந்தாச்சா என்று கேட்கிற தொனியில்தான் நீலாம்பாள் இதைக் கேட்டார். கண்ணில் ஈரம் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த திவ்யலட்சுமி மேடம் பேனாவை மூடிவிட்டு, "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாறோம்மா" என்று மட்டும் சொன்னார். இது நேற்று மாலை, வலியசாலையில் எங்கள் மாடி அலுவலகத்தில் நடந்தது.

எங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மேடம் பதினைந்து வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் தோண்டி எடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். நான் வன்னியபெருமாள். இருபத்தெட்டு வருடம் கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டர், ஓய்வு பெற்றபின் மேடத்துக்கு உதவி. டிக்கெட் எடுக்காதவன் எவன் என்று பின்மண்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். துப்பறிய வேறென்ன படிப்பு வேண்டும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீலாம்பாளின் ஒரே மகன் ஹரிகுமார், வயது இருபத்தேழு. தை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, பகல் இரண்டு மணிவாக்கில், பொன்முடி மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவில் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து இறந்துபோனான். இன்றோடு நாற்பத்து மூன்று நாள். விபத்து என்று எழுதிப் போலீஸ் ஃபைலை மூடிவிட்டது. வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று வெளியே சொல்லவும் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு ஆரியசாலையில் அந்த வீட்டுக்குப் போனோம். நீலாம்பாள் கதவைத் திறந்து, நாற்காலியைக் காட்டி, காப்பி கொண்டுவந்து வைத்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. காப்பியில் சர்க்கரை இல்லை. போட மறந்துவிட்டார் என்று புரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.

ஹாலின் தென்மேற்கு மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் முழங்கால் உயரமுள்ள ஒரு கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் கண்ணாடி, பக்கத்தில் பெரிய மானிட்டர்.

"இதுதானா அந்தக் கம்ப்யூட்டர்?" என்றார் மேடம்.

"இந்தச் சனியன்தான்."

திட்டுகிற சொல்தான். திட்டுகிற சூடு அதில் இல்லை.

ஹரி இதில் கேம் விளையாடுகிறவன். பெட்டிக்கு எட்டு வயது. உள்ளே படத்தைத் தயாரித்துத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு போன புரட்டாசியில் செத்துவிட்டது. திரையில் கோடு கோடாக விழுந்ததாம். அதற்குப் பதிலாக எந்தக் கார்டு வாங்கலாம் என்று நாலு மாதம் தேடியிருக்கிறான். ஒரு நோட்டில் பதினோரு கார்டின் பெயரை எழுதி, ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தான். மேடம் பக்கம் பக்கமாகப் படித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

"நீளம் அதிகம். கரண்டு நெறைய தின்னும். சத்தம் போடும். சூடு ஜாஸ்தி. பழைய மதர்போர்டுக்குப் பொருந்தாது," என்று வாசித்தேன். "மேடம், பொண்ணு பாக்கப் போன என் மச்சான்கூட இத்தனை குத்தம் சொல்லல்ல."

மேடம் சிரிக்கவில்லை. நீலாம்பாளும் சிரிக்கவில்லை. நான் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். சொல்லாவிட்டால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும், அது எனக்குப் பிடிக்காது.

"அன்னைக்குக் காலையில என்ன நடந்துதும்மா?"

"இந்த எடம் கன்னிமூலை," என்றார் நீலாம்பாள். "எங்க வீட்டுக் கன்னிக்கு உண்டான எடம்."

எனக்கு விளங்கிவிட்டது. மேடத்துக்கும் விளங்கியிருக்கும். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கமும், கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பட்டுப்பாவாடை, வளையல், சீப்பு, கண்ணாடி. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பெட்டியைக் கன்னிமூலையில் வைத்து, புதுத்துணி எடுத்து, விளக்கேற்றிப் படைப்பார்கள். இந்த வீட்டுக் கன்னி, நீலாம்பாளின் மாமனாருடைய தங்கை. பதினோரு வயதில் போனவள். இவர்களுக்கு அந்த நாள், தை இரண்டாம் வெள்ளி.

"வேற எடத்துல பிளக்கு இல்லன்னு நாலு வருசமா இதை இங்கயே வச்சிருந்தான். ஒவ்வொரு வருசமும் ஒரு வேட்டியைப் போட்டு மூடிட்டு, அதுக்கு முன்னால வச்சுக் கும்பிட்டோம். இந்த வருசம் அது முடியாதுன்னு சொன்னேன். நாளைக்கு அவளுக்கு எடம் வேணும், இதையும் தூக்கிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைன்னு சொன்னேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நீலாம்பாள் மனப்பாடம் ஒப்பிக்கிறது போலச் சொன்னார். நாற்பத்து மூன்று நாளாக உள்ளே சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்ட வாக்கியம்.

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல்ல. பதிலுக்குப் பதில் பேசுகவன், அன்னைக்கு வாயே தொறக்கல்ல. வெளிய போனான், வந்தான். அவன் ரூமுல இருந்து துணியெல்லாம் மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சான். பொறந்ததுல இருந்து ஒரு துண்டு மடிக்காத பய. பன்னெண்டு மணிக்கு வண்டியை எடுத்தான். எங்க போறேன்னு சொல்லல்ல."

பிறகு எழுந்துபோய் ஒரு தோள்பை கொண்டுவந்து கொடுத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த பை. போன் தூள்தூளாகிவிட்டதால் அது வரவில்லை. பைக்குள் ஒரு குளியல் துண்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற முப்பது சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல்.

"மலைக்குப் போறவன் ஸ்வெட்டர் எடுப்பான், குடை எடுப்பான். இவன் என்ன மேடம், மலையை அளக்கவா போனான்?"

மேடம் ஸ்கேலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையிலேயே போட்டு, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அடுத்து பழவங்காடிப் பக்கம், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடை. முதலாளி ஜெயன், நாற்பது வயது. கடைத்தெருவோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே மலையாளம் எட்டிப்பார்க்கும்.

"நல்ல பையனாயிருந்து மேடம். நாலு மாசம் தெனமும் மெசேஜ். இது போதுமா சேட்டா, அது போதுமா சேட்டான்னு. கடைசியில புதன்கிழமை இதுதான்னு ஒண்ணு உறப்பிச்சு ஆர்டர் போட்டான். வியாழன் காலை பதினொண்ணு இருபதுக்கு கேன்சல் பண்ணினான்."

"காரணம்?"

"ஒண்ணும் எழுதல்ல. ஞான் விளிச்சேன், எடுத்தில்லா. எனக்கும் தேஷ்யம் வந்து, கோபத்துல விட்டுட்டேன்." ஜெயன் மேஜையைத் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "மறுநாள் பேப்பர்ல பாத்தேன்."

மேடம் அந்தக் கார்டைக் காட்டச் சொன்னார். ஒரு செங்கலை விட நீளமாக, இரண்டு விசிறி வைத்து, நல்ல கனமாக இருந்தது.

"இது எத்தனை நீளம்?"

"இருபத்தெட்டரை சென்டிமீட்டர்."

"அவன் பெட்டிக்குள்ள போகுமா?"

"பின்னே! அந்தப் பெட்டி நான் வித்ததாக்கும். முப்பத்தொண்ணு வரைக்கும் தாராளமாப் போகும். கரண்டும் மதி, போதும். பழைய மெஷினுக்கு இதைவிட நல்லது கிட்டாது மேடம். அவனே நாலு மாசம் படிச்சுக் கண்டுபிடிச்சதல்லே?"

நான் மேடத்தைப் பார்த்தேன். பொருந்துகிற கார்டு, நாலு மாதம் தேடிப் பிடித்த கார்டு. அதை அம்மா திட்டிய இரண்டு மணி நேரத்தில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறான். துணியை மடித்து வைத்திருக்கிறான். சொல்லாமல் மலைக்குப் போயிருக்கிறான். இதில் துப்பறிய என்ன இருக்கிறது? ஆளிறங்கணும் என்று குரல் கொடுத்து மணியடித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். எனக்கு வருத்தம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சர்க்கரை இல்லாத அந்தக் காப்பிதான் நாக்கில் இருந்தது.

"போலாமா மேடம்?"

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி."

மேடம் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஜெயன் முன்னால் வைத்தார். இருபத்துநாலாம் சென்டிமீட்டரில் நீலப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி.

"அந்தப் பெட்டியில இருபத்துநாலு வர்ற எடம் எது?"

ஜெயன் யோசித்தார். தன் கடையில் இருந்த அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் திறந்து, மூலைக்கு மூலை அளந்து பார்த்தார். முப்பத்தொன்று வந்தது, பதினெட்டு வந்தது, நாற்பத்திரண்டு வந்தது. இருபத்துநாலு எங்கேயும் வரவில்லை.

"இதுல இல்ல மேடம்."

"அப்போ அவன் அளந்தது வேற பெட்டி," என்றார் மேடம். "வாங்க அண்ணாச்சி, வீட்டுக்குத் திரும்பப் போகணும்."

"வந்த வழியே திரும்பிப் போறதுக்கு நான் டிக்கெட் குடுக்கிறதில்ல."

"அப்போ நடந்து வாங்க."

நான் காரில் ஏறினேன்.

ஹரியின் அறை சின்னது. ஒரு கட்டில், மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் பதித்த சிமெண்டு அலமாரி. அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. மற்ற தட்டுகளில் தூசி படிந்திருந்தது. கீழ்த்தட்டில் மட்டும் யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். பக்கத்துச் சுவரில் ஒரு பிளக். பழைய, கறுத்துப்போன பிளக், ஆனால் மூடியில் இருந்த இரண்டு திருகும் புதிது.

"அம்மா, அவன் மடிச்சு வச்ச துணியெல்லாம் முதல்ல எங்க இருந்தது?"

"இந்தத் தட்டுலதான்," என்றார் நீலாம்பாள் வாசலில் நின்றபடியே. அந்த அறைக்குள் அவர் வரவில்லை.

மேடம் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நாளிதழ் போட்டு மூடி ஏதோ இருந்தது. நான் படுத்து இழுத்தேன். இந்த வயதில் படுப்பது சுலபம், எழுவதுதான் கஷ்டம். வெளியே வந்தது ஒரு சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் பெட்டி. பெரிய பெட்டியில் பாதி இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை, ஒரு பக்கத்தில் மஞ்சள்பொடிக் கறை.

மேடம் ஸ்கேலை உள்ளே விட்டார். பின்சுவரிலிருந்து முன்பக்கக் கம்பி வரை சரியாக இருபத்துநாலு.

நீலாம்பாள் அந்தப் பெட்டியை முன்பு பார்த்ததே இல்லை. ஆனால் மஞ்சள்பொடிக் கறையை அடையாளம் தெரிந்தது. "இது எங்க அண்ணன் கடைச் சாமானம்லா" என்றார். சாலைக் கடைத்தெருவில் அவருடைய அண்ணன் கோமதிநாயகத்துக்குப் பலசரக்குக் கடை. மேடம் அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டார்.

"ஆமா, அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு வந்தான்," என்றது ஸ்பீக்கரில் ஒரு கனத்த குரல். "மாமா, பழைய பில்லிங் மெஷினோட பெட்டி சும்மாதான கெடக்கு, எடுத்துக்கிடட்டான்னு கேட்டான். ஆக்கருக்கு, பழைய இரும்புக்காரனுக்குப் போடுகதைக் கேக்கியே, கொண்டு போன்னு சொன்னேன்."

"இதை ஏன் போலீஸ்ல சொல்லல்ல?"

"ஆக்கர் சாமானத்தைப் பத்தி யாரு கேட்டா? பையன் போயிட்டான். தங்கச்சி திட்டுனதுல போயிட்டான்னு நாலு பேரு பேசுகதுக்குள்ள ஃபைலை மூடச் சொல்லி நான்தான் ஓடுனேன்."

மேடம் போனை வைத்தார். எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. புறப்படத் துணிந்தவன் துணியை மடித்தான் என்றுதானே நாற்பத்து மூன்று நாளாக எல்லோரும் நினைத்தார்கள்? இவன் கம்ப்யூட்டருக்கு அலமாரியைக் காலி செய்திருக்கிறான், கெட்டுக்கிடந்த பிளக்கையும் சரிசெய்திருக்கிறான். பெரிய பெட்டி அந்தத் தட்டில் அடங்காது, அதனால் சின்னப் பெட்டி. சின்னப் பெட்டியில் இருபத்தெட்டரை அடங்காது, அதனால் கேன்சல்.

நீலாம்பாள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"சாயங்காலம் வாறோம்மா," என்று மேடம் வெளியே வந்தார்.

தெருவில் நின்றுகொண்டு ஜெயனை அழைத்தார்.

"இருபத்துநாலுக்குள்ள அடங்குற நல்ல கார்டு அந்த நேரம் உங்ககிட்ட இருந்ததா?"

"இல்ல மேடம். ஒத்த விசிறி வச்ச குட்டைக் கார்டு ஒண்ணு உண்டு, பதினேழு சென்டிமீட்டர். ஆனா இப்போ அது வரதில்லா. போன வருஷம் ஒண்ணே ஒண்ணு வித்தேன்." பிறகு குரல் வேகமெடுத்தது. "மேடம், அது வாங்கின ஆளு அதை விக்கணும்னு எங்க வாட்ஸாப் குரூப்புல போட்டிருந்தான். இருங்க, பாக்கறேன்... புதன்கிழமை ராத்திரி போட்டிருக்கான். ஹரியும் அந்தக் குரூப்புல உண்டு."

"ஆள் எங்க இருக்கான்?"

"பேரு திரவியம். பொன்முடி எஸ்டேட்."

நான் வண்டியின் கதவைத் திறந்து பிடித்தேன். "மேடம், இதுக்கு நான் டிக்கெட் குடுக்கேன்."

பொன்முடி ரூட்டில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவு, வளைவுக்கு ஒருவர் வாந்தி. கல்லாறு தாண்டியதும் குளிர் வந்தது. ஒன்பதாம் வளைவில் தடுப்புக் கம்பியில் புதிதாக ஒரு துண்டு சேர்த்து வெல்டிங் செய்திருந்தார்கள். மேடம் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல், எத்தனையாவது வளைவு என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

எஸ்டேட் லயத்தில், வரிசையாகக் கட்டிய வீடுகளில், கடைசி வீடு திரவியத்துடையது. முப்பது வயது, எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அப்பா தலைமுறையில் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர்கள். ஹரிகுமார் என்று பெயரைச் சொன்னதுமே முகம் கடுகடுத்தது.

"அந்த ஆளா? அவனைப் பத்திப் பேசாதீங்க. இன்னைக்கே வேணும், வேற யாருக்கும் குடுத்துராதீங்கன்னு அப்படிக் கெஞ்சினான். ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டுட்டு, எஸ்டேட் கேட்டுல ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நின்னேன். போன் போட்டா எடுக்கல்ல. அன்னைக்கே பிளாக் பண்ணிட்டேன். மறுநாள் நெடுமங்காட்டுல இருந்து ஒருத்தன் வந்தான், அவனுக்கு வித்துட்டேன்."

"திரவியம்," என்றார் மேடம், "அவர் வந்துகிட்டுதான் இருந்தாரு. ஒன்பதாம் வளைவு வரைக்கும் வந்தாரு."

திரவியம் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது.

"அன்னைக்குக் கீழ ஒரு வண்டி விழுந்துதுன்னு சொன்னாங்க," என்றார் மெதுவாக. "மாசத்துக்கு ரெண்டு விழும். அதனால யாருன்னு கேக்கல்ல." படியில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது நாளா அவனைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

போனை அவரே எடுத்துக் கொடுத்தார். பிளாக் செய்திருந்தாரே தவிர, எதையும் அழிக்கவில்லை. மேடம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கடைசியாக வந்தது பகல் ஒன்று நாற்பதுக்கு.

'அண்ணா, கல்லாறு தாண்டிட்டேன். மேல ஒரே மஞ்சு. மெதுவா வாறேன். போயிராதீங்க.'

இரண்டு முறை படித்தேன். சாகப் போகிறவன் பனியைப் பார்த்து வேகத்தைக் குறைப்பானா? கார்டை அளந்து பார்க்க ஸ்கேல் எடுத்துக்கொண்டு, கழற்றிப் பார்க்க ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு, சுற்றிக் கொண்டுவரத் துண்டும் எடுத்துக்கொண்டு போவானா? என் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. ஒரு கதவு திறந்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

"மேல தள்ளிப் பாருங்க அண்ணாச்சி," என்றார் மேடம்.

தள்ளினேன். பதினொன்று நாற்பதுக்கு ஒன்று இருந்தது.

'அண்ணா, ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல யார்கிட்டயாவது குடுத்து விடுதேன்னு சொல்லாதீங்க. நாளைக்கு வீட்டுல கன்னிக்கு வைக்கணும். அம்மை அந்த எடத்தைக் கேட்டிருக்கா. இன்னைக்கு ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டு, காலையில அவ எழும்பும்போது மூலை காலியா இருக்கணும். சொல்லாமச் செய்யணும்னு இருக்கேன்.'

கார் மலை இறங்கி நாலைந்து வளைவு தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன்.

"மேடம், ரெண்டாவது மெசேஜை அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டாம்."

"ஏன்?"

"முதல் மெசேஜ் போதும். அவன் சாகப் போகல்ல, கார்டு வாங்கப் போனான், விபத்து. அதோட முடிச்சிருவோம். என்னத்துக்கு அவசரமாப் போனான்னு தெரிஞ்சா? ஞாயித்துக்கிழமை வந்திருக்க வேண்டிய கார்டு மேடம்!"

"அவங்க என்ன கேட்டாங்க?"

"கொன்னேனா, இல்லியான்னு."

"அதுக்குப் பதில் முதல் மெசேஜ்ல பாதி இருக்கு, ரெண்டாவதுல பாதி இருக்கு." மேடம் ஹாரன் அடித்து வளைவைத் திருப்பினார். "இன்ஷூரன்ஸ்ல இருந்தப்போ பாதியை எழுதி நெறைய ஃபைல் மூடியிருக்கேன் அண்ணாச்சி. மீதியைக் கேட்டு அந்த வீட்டு ஆளுங்க வருஷக்கணக்கா வந்துகிட்டே இருப்பாங்க. கடைசியில அவங்களாகவே ஒண்ணைக் கற்பனை பண்ணிக்குவாங்க. அது உண்மையை விட மோசமா இருக்கும்."

"அந்த அம்மா தாங்குவாங்களா?"

"தெரியாது," என்றார் மேடம். இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை.

ஆரியசாலைக்கு வந்துசேர ஐந்தரை ஆகிவிட்டது. நீலாம்பாள் ஹாலில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழப்போனவரை மேடம் கையமர்த்திவிட்டு, தானும் எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் சுவரோரமாக நின்றேன்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. சின்னப் பெட்டி, துடைத்த அலமாரி, இருபத்துநாலு சென்டிமீட்டர், குட்டைக் கார்டு, எஸ்டேட் கேட்டில் காத்து நின்ற திரவியம். ஒவ்வொன்றாகச் சொன்னார். நீலாம்பாள் கீரையை உருவியபடியே கேட்டார். பிறகு மேடம், திரவியத்தின் போனிலிருந்து தன் போனில் படமெடுத்து வந்த முதல் செய்தியைக் காட்டினார். நீலாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"மஞ்சு இருக்கு, மெதுவா வாறேன்னு எழுதியிருக்கான்."

"ஆமாம்மா. அவன் சாகப் போகல்ல. திரும்பி வாறதுக்குத்தான் போனான். அந்த வளைவுல என்ன நடந்துதுன்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா அவனா விழல்ல."

நீலாம்பாள் தலையை ஆட்டினார். உருவின இலையையும் காம்பையும் தனித்தனியாக ஒதுக்கினார். இதோடு மேடம் எழுந்துவிடுவாரோ என்று நான் பார்த்தேன். மேடம் இரண்டாவது செய்தியை எடுத்து, போனை நீலாம்பாளின் கையிலேயே கொடுத்தார்.

நீலாம்பாள் வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது முறையும் வாசித்தார்.

"அப்பம் நான் சொன்னதுக்குத்தான் போயிருக்கான்."

"ஆமாம்மா," என்றார் மேடம். "நீங்க போய்த் தொலைன்னு சொன்னதை அவன் எடுத்துக்கிடல்ல. எடம் வேணும்னு சொன்னதைத்தான் எடுத்துக்கிட்டான்."

வெளியே ஓர் ஆட்டோ போயிற்று. பிறகு நீலாம்பாள் போனைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது. ரத்தம் ஏறியிருந்தது.

"எதைச் சொன்னாக் கேட்டான்?" என்றார். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. "படிச்சு முடிச்சதும் பரீட்சை எழுதுன்னு சொன்னேன், கேட்டானா? ராத்திரி முழிக்காதேன்னு சொன்னேன், கேட்டானா? அந்தப் பைக்கு வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? ஒரு நேரம் சொன்னதைக் கேட்டிருக்கியாலே நீ?" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "இதைப் போய் என்னத்துக்குலே கேட்டே? நான் ஆயிரம் சொல்லுவேன். அம்மைன்னா சொல்லத்தான் செய்வா. நீ எப்பவும்போல இருந்திருக்கப்பிடாதா? ரெண்டு நாள் தள்ளிப்போனா அந்தக் கன்னி கோவிச்சுக்கிடவா போறா? அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதானேலே! சொல்லாமச் செய்யணுமாம், சொல்லாம... வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, அம்மா நான் இன்ன எடத்துக்குப் போறேன்னு சொன்னா நான் விட்டிருப்பேனா?"

கீரைத் தட்டு ஒரு பக்கம் கவிழ்ந்தது. நீலாம்பாள் தரையில் அறைந்து அறைந்து, உயிரோடு எதிரில் நிற்கிற பிள்ளையைத் திட்டுகிற மாதிரி, பெருங்குரலெடுத்து மகனைத் திட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. மேடம் அவர் கையைப் பிடிக்கவில்லை, அழாதீங்க என்று சொல்லவில்லை, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாள் முழுக்க எனக்கு வராமலிருந்த வருத்தம் அப்போதுதான் வந்தது.

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் போய் வாசல் கதவைச் சாத்தினேன்.